இலையைப் புழு தின்னட்டும்: சென்னை வீட்டுக் கொல்லையில் பறவைக்கும் பூச்சிக்கும் ஒரு தோட்டம்

சென்னையில் தனி வீடுகளுக்குப் பின்னால் 20 அடிக்கு 15 அடி என்ற கணக்கில் ஒரு துண்டு இடம் மிஞ்சியிருக்கும். துணிக்கொடி, செப்டிக் டேங்க் மூடி, வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல், இவை போக மீதியெல்லாம் சிமென்ட் தளம். அந்த 300 சதுர அடியில் தேன்சிட்டையும் தையல்சிட்டையும் கூடு கட்ட வைக்கலாம். வண்ணத்துப்பூச்சி, தேரை, கொசுத்தேனீ எல்லாம் தாமாக வந்து சேரும். முதல் ஆண்டு மட்டும் நன்றாக மெனக்கெட வேண்டும். அதன்பின் மாதத்துக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை போதும்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தோட்டத்தில் இலை ஓட்டை ஓட்டையாகக் கிடந்தால் தோட்டம் சரியாக நடக்கிறது என்று பொருள். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியையும் சிலந்தியையும்தான் ஊட்டுகிறது. புழு இல்லாத தோட்டத்தில் பறவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும், குடியிருக்காது. இதை ஏற்க முடியாவிட்டால் இந்த வழி உங்களுக்குச் சரிப்படாது.

வெயில் எங்கே விழுகிறது?

செடி வாங்கும் முன் ஒரு நாள் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறியுங்கள். அந்த ஒரு நாள் கணக்கை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற எட்டு மாதமும் தெற்கே. அதனால் தெற்கு பார்த்த வீட்டின் கொல்லைக்கு மே, ஜூனில் நல்ல வெயில் கிடைக்கும். மார்கழியில் வீட்டு நிழலே பெரும்பகுதியை மூடிவிடும். வடக்கு பார்த்த வீட்டில் இது தலைகீழ். மே மாதம் பார்த்துவிட்டு "வெயில் கொளுத்துகிறது" என்று ஆவாரை வைத்தவர்களுக்கு, டிசம்பரில் அது ஏன் பூக்கவில்லை என்பது புரிவதில்லை.

அடுத்தது மண். ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனால் மணல். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இப்படித்தான் இருக்கும். நான்கு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் களிமண். நகரின் மேற்குப் பகுதிகளில் பல இடங்களில் இதுதான். களிமண்ணில் பாத்தியை 9 அங்குலம் உயர்த்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும்.

மூன்றாவது வகையும் உண்டு, பெரும்பாலானோருக்கு வாய்ப்பது அதுதான்: கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய மனை. அதில் சுண்ணாம்பும் சிமென்டும் கலந்து மண் காரத்தன்மை ஏறியிருக்கும். எலுமிச்சையிலும் விருட்சியிலும் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் இதுதான். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. உரம் போட்டுப் பயனில்லை. குழி மண்ணை மாற்ற வேண்டும்.

சிமென்ட்டை உடைப்பது

வீட்டுச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்குத் தளத்தை அப்படியே விடுங்கள். அந்தப் பட்டை எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும், காரணம் பின்னால் வருகிறது. மீதி முழுவதையும் உடைத்து இடிபாட்டை அள்ளிவிடுங்கள். செப்டிக் டேங்கைச் சுற்றி 3 அடிக்குக் குழி வேண்டாம். 10 அடிக்கு மரம் வேண்டாம்.

புதர்ச்செடிக்கு ஒன்றரை அடி, மரத்துக்கு இரண்டடி, நீளம் அகலம் ஆழம் மூன்றும் அதே அளவு. கீழே சொல்லும் திட்டத்தில் 11 புதர்க் குழிகளும் ஒரு மரக் குழியும் சேர்ந்தால் சுமார் 45 கன அடி. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். கடலோர மணல் என்றால் மணலைத் தவிர்த்து, உரத்தை இரண்டு பங்காக்குங்கள். குழிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்து ஒரு வாரம் ஆறவிட்டு நடுங்கள். எரு மக்காமல் சூடாக இருந்தால் வேர் கருகும். கையில் எடுத்தால் சாண வாடை வராமல் மண் வாடை வர வேண்டும்.

எந்த மாதம் நடுவது?

பராமரிப்பு குறைவான தோட்டத்துக்குப் பாதி ரகசியம் இந்த மாதக் கணக்குதான். சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடும். புரட்டாசி நடுவில் நட்டால் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். தை பிறக்கும்போது வேர் ஆழம் போயிருக்கும்; மே 4 அன்று தொடங்கும் கத்திரி வெயிலை அந்தச் செடி தாங்கும். பிப்ரவரியில் நட்ட செடிக்கு மே முடியும்வரை தினமும் நீங்கள்தான் குடம் தூக்க வேண்டும். சித்திரையில் ஆர்வம் வந்தால், நாலைந்து மாதம் பொறுங்கள். அதற்குள் தளத்தை உடைப்பது, மண்ணைத் திருத்துவது, பதியன் போடுவது எல்லாம் முடிந்துவிடும்.

செடிகள்

நர்சரிக்குப் போனால் கண்ணைக் கவரும் பூச்செடிகளைத்தான் காட்டுவார்கள். அவற்றில் பலவும் வெளியூர் அழகுச்செடிகள். நம்மூர்ப் புழு எதுவும் வாய் வைக்காது. வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு விதச் செடி வேண்டும்: தான் தேன் குடிக்க ஒன்று, முட்டையிட்டுப் புழு தின்ன இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். புழுவுக்கு எந்த இலை வேண்டும் என்பதில் ஒவ்வோர் இனமும் கடுமையான பிடிவாதம் பிடிக்கும்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் வரும். இவ்வளவு எளிதாகப் பலன் தரும் ஜோடி வேறில்லை. இளம் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம். சின்னக் கன்றில் ஐந்தாறு புழு ஏறினால் மொட்டையாகிவிடும்; பயப்படாதீர்கள், மறுபடி துளிர்க்கும். சமையலுக்கு இலை வேண்டுமென்றால் கறிவேப்பிலையை இரண்டாக வையுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அவற்றுக்கு. அதன் கறுப்புப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும்.

எருக்கு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு. தெருவோரம் தானாக முளைப்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காத செடி அது. கண்ணில் பால் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம் என்பதால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். வெட்டும்போது கண்ணாடி போடுங்கள். சுவரில் ஏற்ற ஈஸ்வரமூலிக் கொடி வைத்தால் கறுப்புச் சிறகும் சிவப்பு உடலும் கொண்ட அழகிகள் முட்டையிடும். அந்த இலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. மூலிகை என்று சொல்லி யாரும் கஷாயம் வைத்துவிடாதீர்கள். ஆவாரைக்கு வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வரும், பூவுக்கு வண்டுகள் வரும். நாள் முழுக்க வெயில் வேண்டும், நீர் தேங்கினால் செத்துவிடும்.

தமிழ்நாடு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனைக் கொல்லைக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வாழ்வது. அதன் புழுவுக்கான மரமும் அங்கேதான் இருக்கிறது. சென்னையில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தேனுக்கு விருட்சி, அதாவது இட்லிப்பூ. உயரமாக வளரும் பழைய சிவப்பு நாட்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். குட்டையான ஒட்டுவகைகளை ஒதுக்குங்கள். செம்பருத்தியில் ஒற்றை அடுக்கு மட்டும். அடுக்குச் செம்பருத்தியில் இதழ் மறைப்பதால் தேன்சிட்டுக்கு அலகு எட்டாது. நொச்சிக்குத் தேனீக்கள் மொய்க்கும். ஆடாதொடையின் வெள்ளைப் பூவுக்குத் தேன்சிட்டும் கருவண்டும் வரும், ஆடு மாடு தொடாது, குச்சியை ஒடித்து நட்டால் போதும். கோவைக்கொடியின் சிவந்த பழத்துக்குக் குயிலும் கிளியும் போட்டி போடும். கோவை மட்டும் கட்டுக்கடங்காது. ஆண்டுக்கு இருமுறை வெட்ட மனமில்லாதவர்கள் வைக்க வேண்டாம்.

300 சதுர அடிக்கு ஒரே ஒரு மரம். இரண்டாவதை வைத்தால் மூன்றாம் ஆண்டில் கீழே எதுவும் பூக்காது. தேன்பழ மரம் இரண்டு ஆண்டுகளுக்குள் காய்க்கும், ஆண்டு முழுக்கப் பழம் இருக்கும், பறவைகள் விடாது. வெளிநாட்டு மரம்தான், ஆனாலும் நகரத்துப் பறவைகளுக்கு அதைப்போல் உணவு தரும் சிறு மரம் குறைவு. இரவில் பழந்தின்னி வௌவால் வந்து எச்சமிடும் என்பதால் துணிக்கொடிக்கு எதிர் மூலையில் வையுங்கள். முருங்கையும் நல்லது, பூ நிறைய, தேன்சிட்டு நிறைய. பட்ட கிளையைச் செம்மார்புக் குக்குறுவான் பறவை குடைந்து பொந்தாக்கும். ஆனால் மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பும். தோலில் பட்டால் தடித்து அரிக்கும். கொல்லைக் கதவிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். எந்த மரமானாலும் செப்டம்பரில் கிளையைக் குறைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த ஊர் எத்தனை மரங்களை இழந்தது என்பதைப் பார்த்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள். அரசும் ஆலும் சுவர் விரிசலில் முளைத்தால் விரல் நீளத்திலேயே பிடுங்குங்கள்.

இடம் வைப்பது இப்படி. பின்மதில் 20 அடியில் மூன்றடிக்கு ஒன்றாக ஏழு: நொச்சி 1, ஆடாதொடை 2, கறிவேப்பிலை 2, எலுமிச்சை 1, மருதாணி 1. வெயில் அதிகம் படும் பக்கமதிலில் நான்கு: விருட்சி 3, ஆவாரை 1. எதிர்மதிலில் கம்பி இழுத்து ஈஸ்வரமூலி, சங்குப்பூ. அதன் கோடியில் மரம். ஒரே செடியைப் பக்கம் பக்கமாக வைத்தால் பூச்சிகள் எளிதில் கண்டுபிடிக்கும். ஒவ்வொன்றாகத் தெளித்து வைத்தால் தவறவிடும்.

நடுவில் புல்தரை வேண்டாம். சென்னை வெயிலில் புல்தரை என்பது தினமும் தண்ணீர், வாரந்தோறும் வெட்டு. அதற்குப் பதில் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதேதான். தரையோடு படரும், மிதித்தாலும் சாகாது, உப்புத்தண்ணீரையும் பொறுக்கும், சின்னச் சின்னப் பூக்களில் நாள் முழுக்கப் பூச்சி இருக்கும். ஒரு கொத்துக் கொடியைக் கணுவுக்குக் கணு வெட்டி அடிக்கு ஒரு துண்டாக நட்டால் 100 சதுர அடிக்கு 100 துண்டு. மழைக்காலம் முடிவதற்குள் தரை மூடிவிடும். மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவை நர்சரியில் தரைமூடியாகத் தருவார்கள். வாங்காதீர்கள், மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். உன்னிச்செடியும் அப்படியே. தானாக முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டை மட்டும் பிடுங்காமல் விடுங்கள், அதன் தேனுக்கு வராத வண்ணத்துப்பூச்சி குறைவு.

நர்சரிச் செடியில் பூச்சிமருந்து ஊறியிருக்கும். முதல் சில வாரங்களில் புழு செத்து விழுந்தால் அதனால்தான். பழைய இலைகள் உதிர்ந்து புதுத் துளிர் வந்தபின் சரியாகும்.

தண்ணீர்

மெருகிடாத, வண்ணம் பூசாத 5 லிட்டர் மண்பானையைச் செடியிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடுங்கள். நீர் மெல்லக் கசிந்து வேருக்கே போகும். கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மூடி இல்லாவிட்டால் அது கொசுப்பண்ணை. போர் தண்ணீரின் உப்பு நாளடைவில் துளைகளை அடைத்துவிடும். நீர் இறங்குவது நின்றால் பானையை எடுத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் மாற்றுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது. அந்தக் குழாயை எலுமிச்சை, விருட்சிப் பக்கம் திருப்பிவிடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீர் நேர் எதிர். உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கும். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

மழைநீர் சேமிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். உங்கள் வீட்டுக் குழி அடைபடாமல் இருக்கிறதா என்று செப்டம்பரில் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் இறங்கும். அது குழிக்குள் போகாவிட்டால் உங்கள் பாத்திக்குள்தான் போகும்.

பறவைகளுக்கு ஒன்றரை அடி அகல மண்தட்டு. ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வழவழப்பாக இருந்தால் நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வையுங்கள். தரையில் வைத்தால் பூனைக்கு விருந்து. 3 அடி உயரத்தில், புதரிலிருந்து 6 அடி தள்ளி வையுங்கள். பதுங்கி வரும் பூனையைப் பார்த்துப் பறக்க அவ்வளவு இடைவெளி வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டு, விளிம்பைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். நீரை மட்டும் மாற்றினால் போதாது. டெங்குக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே விளிம்பில்தான் முட்டையை ஒட்டும். அது காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். ஊருக்குப் போகிறீர்களா, தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். முதல் ஆண்டில் குளம், அல்லித்தொட்டி எதுவும் வேண்டாம்.

மூடாக்கும் மூலைக் குவியலும்

விழும் இலையை எரிக்காதீர்கள், குப்பைக்காரரிடமும் கொடுக்காதீர்கள். புதர்களின் கீழ் 3 அங்குலத்துக்குப் பரப்புங்கள்; தண்டைத் தொடாமல் ஒரு சாண் விடுங்கள், ஒட்டினால் தண்டு அழுகும். களை குறையும், நீர் மிஞ்சும், மண்புழு வரும். குண்டுகரிச்சானும் தவிட்டுக்குருவியும் அந்தச் சருகைப் புரட்டித்தான் இரை தேடும். கரையான் வந்தால் பதற வேண்டாம். சருகு வீட்டுச் சுவரைத் தொடாமல் இருந்தால் போதும்.

வீட்டிலிருந்து மிகத் தள்ளிய மூலையில் நாலைந்து மரக்கட்டைகளை அடுக்குங்கள். தேரைக்கு அது வீடு. கட்டைவிரல் பருமன் மூங்கிலை ஒருபக்கம் கணு மூடியிருக்கும்படி 8 அங்குலத் துண்டுகளாக வெட்டிக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்கவிட்டால் தனித்து வாழும் தேனீக்கள் குடியேறும். கையகல வெறும் மண்ணும் எங்காவது இருக்கட்டும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில்தான் கூடு தோண்டும்.

எது கெடும், ஏன்?

எல்லோரும் கேட்பது பாம்பு. பாம்பைச் செடி அழைப்பதில்லை. எலி அழைக்கிறது, செங்கல் குவியல் தங்க வைக்கிறது. மிச்சச் சோறு, திறந்த குப்பைக்கூடை, மதிலோரச் செங்கல், இந்த மூன்றையும் ஒழித்தால் ஆபத்து பெரிதும் குறையும். சுவரோரம் 3 அடி வெறும் பட்டை விடச் சொன்னது இதற்காகத்தான்: எது ஊர்ந்தாலும் கண்ணில் படும். கதவடி இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். வந்துவிட்டால் அடிக்காமல் தூர நின்று வனத்துறையை அழையுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி ஒட்டும். கூடவே எறும்பு வரிசை இருக்கும். எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், தீவிரமான கிளையை வெட்டுங்கள், பிறகு பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காக எலுமிச்சையில் அடித்துவிடாதீர்கள். அழகியின் புழுவையும் அது கொல்லும்.

மழை தொடங்கியதும் கைமுட்டி அளவு ஆப்பிரிக்க நத்தை வரலாம். நர்சரித் தொட்டி மண்ணோடு முட்டையாக வந்திருக்கும். இரவு 8 மணிக்கு மேல் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக்கரைசலில் போடுங்கள். அதன் உடலில் மனித மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும், வெறுங்கை வேண்டாம்.

மாடியில் தினமும் அரிசி இறைத்தால் புறாவும் காகமும் பெருகும், சின்னப் பறவைகள் ஒதுங்கும். பழச்செடி இருக்கும்போது தீனி தேவையே இல்லை. கொல்லை விளக்கை இரவு முழுக்க எரியவிட்டால் அந்துப்பூச்சிகள் அதைச் சுற்றியே செத்துப்போகும். தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

ஆண்டு முழுக்க என்ன வேலை?

முதல் கோடையில் வாரம் இருமுறை பானை நிரப்புவது. இரண்டாம் கோடையில் எலுமிச்சைக்கும் விருட்சிக்கும் மட்டும் வாரம் ஒருமுறை. தையில் செடிக்கு இரண்டு கை மக்கிய உரம். செப்டம்பரில் வெட்டு. வெட்டும் முன் ஒவ்வொரு கிளையையும் உள்பக்கம் பாருங்கள்: இரண்டு இலையை நூலால் தைத்தது போலிருந்தால் தையல்சிட்டு, சருகும் சிலந்திவலையும் சேர்ந்து பை போலத் தொங்கினால் தேன்சிட்டு. முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிட்டு, குஞ்சுகள் பறந்து போன பிறகு வெட்டுங்கள்.